மகப்பேறின்மை குற்றமன்று

ஏலச்செடியில் பூ நிறைந்திருந்தாலும் தேனீ வாராவிடில் காய் பிடிப்பதில்லை. போடி மலைச்சரிவில் பாடுபடுவோர் அனைவரும் இதை அறிவர். அதற்காகச் செடியை எவரும் சபிப்பதில்லை. ஆனால் மணமாகிச் சில ஆண்டுகளில் பிள்ளைப்பேறு வாய்க்காத பெண்ணை மட்டும் ஊர் 'மலடி' என்று ஏசுகின்றது. வளைகாப்புக்கு அவளை அழைப்பாரில்லை. மகனுக்கு மறுமணம் பேசும் மாமியாரும் உண்டு. இக்கண்ணீருடன் பங்கு இல்லத்தை நாடி வந்த தம்பதியர் பலரை யான் அறிவேன்.

உண்மை யாது? கருப்பையின் இருபுறமும் மெல்லிய குழாய்கள் இரண்டு உள்ளன. ஆணின் உயிரணுவும் பெண்ணின் சினைமுட்டையும் கூடுவது அங்கேதான். இரு குழாய்களும் அடைபட்டால் இயல்பாகக் கருத்தரிக்க இயலாது. மாதவிலக்கு ஒழுங்காக வரலாம்; வலியும் இராமற்போகலாம். ஆதலால் நோய் இருப்பதே தெரிவதில்லை. நம் நாட்டில் இதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று காசநோய். அது நுரையீரலை மட்டுமன்றிக் கருக்குழாயையும் தாக்கும். பேறுகாலத்திலோ கருச்சிதைவுக்குப் பின்னரோ நேரும் தொற்றும் காரணமாகலாம். இதில் பெண்ணின் குற்றம் எங்கே?

குறை கணவனிடமும் இருக்கலாம். ஆகவே இருவரும் சேர்ந்தே மருத்துவரை நாட வேண்டும். கருப்பையினுள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படம் அடைப்பைக் காட்டும். ஒரு குழாய் திறந்திருப்பினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. சில அடைப்புகளை மெல்லிய கம்பியாலோ அறுவையாலோ நீக்கலாம். அதன்பின் கரு குழாயிலேயே தங்கும் ஆபத்து மிகுதி; நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் கடும் வலி தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வயது ஏற ஏற வாய்ப்புக் குறைவதால் காலந்தாழ்த்தலும் ஆகாது.

குழாய் அடைபட்டோர்க்கென்றே வளர்ந்தது சோதனைக்குழாய் முறை. 1978 ஜூலையில் இங்கிலாந்திலும், அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியாலும் இம்முறையில் குழந்தைகள் பிறந்தன. அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பணியின் மெய்ம்மை பின்னரே ஏற்கப்பட்டது.

கருக்கள் அழிய நேர்வதாலும், பிறப்பு இல்லற உறவினின்று பிரிக்கப்படுவதாலும் திருச்சபை இம்முறையை ஏற்பதில்லை. 1987-ஆம் ஆண்டின் உரோமை ஏடு இதனைத் தெளிவாக்கியது. எனினும் இவ்வாறு பிறந்த குழந்தையை இறைவனின் கொடையாகவே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஏடு பணிக்கின்றது. அடைப்பை நீக்கும் அறுவையோ ஏற்புடையதே என 2008-ஆம் ஆண்டின் ஏடு கூறுகின்றது. எனவே குழாய் அறுவைக்கு அஞ்சிப் பாவமென்று கலங்க வேண்டுவதில்லை. சட்டப்படி தத்தெடுத்தலும் உயரிய வழியே. ஆயின் தரகரை நம்பாமல் அரசு முறைப்படியே செய்க.

அன்புடையீர், அன்னாள் பிள்ளையின்றி அழுதபோது அவள் கணவன் எல்கானா அவளைப் பழிக்கவில்லை, பரிவுடன் தேற்றினான். மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். பிள்ளை இல்லையெனினும் திருமணம் திருமணமே. மனைவியை ஊர்ப்பழியினின்று காப்பது கணவனின் கடமை. ஏசும் நாவை அடக்குவது நம் அனைவரின் கடமை.