கோயில் நிற்கிறது, ஊர் எங்கே?

கும்பகோணத்தில் அறை எடுத்துத் தங்கி, காலையில் தாராசுரம், மதியத்துக்குள் தஞ்சாவூர், வெயில் தாழ்ந்ததும் கங்கைகொண்ட சோழபுரம் என்று மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் முடிப்பது இப்போது வாடிக்கையாகிவிட்டது. 1987-இல் தஞ்சைப் பெரிய கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த யுனெஸ்கோ, 2004-இல் மற்ற இரண்டையும் அதே பட்டியலில் சேர்த்தது. மூன்றையும் ஒரு மூச்சில் பார்க்கும் பழக்கத்துக்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். மூன்றாவது ஊருக்கு வந்து சேரும்போது ஆள் களைத்திருப்பார். புல்தரையில் நடந்து, விமானத்தை அண்ணாந்து பார்த்து, சண்டேசர் சிற்பத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வண்டி ஏறிவிடுவார். சோழர் தலைநகரைப் பார்த்தாயிற்று என்று ஊரில் சொல்லவும் செய்வார். அவர் பார்த்தது தலைநகரில் இருந்த ஒரு கோயிலை மட்டும். ஏறத்தாழ 250 ஆண்டுகள், 1025-ஐ ஒட்டிய காலம் முதல் 1279 வரை, ஒரு பேரரசு எங்கிருந்து ஆளப்பட்டதோ அந்த ஊருக்குள் அவர் காலே வைக்கவில்லை. ஊர் அழிந்துபோனதால் இப்படி ஆகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கோயில் இவ்வளவு நன்றாக நிற்பதால்தான் இப்படி ஆகிறது என்பது என் கட்சி.

கோயிலைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. தஞ்சை விமானம் பதின்மூன்று நிலைகளில் நேர்க்கோடாக ஏறுகிறது. இங்கே ஒன்பது நிலைகள்தான், உயரமும் குறைவு, ஆனால் கோடு உள்வாங்கி வளைந்து போகிறது. தஞ்சைக் கோயிலைக் கட்டிய அப்பன் இராசராசனை மிஞ்சக்கூடாது என்று மகன் இராசேந்திரன் அடக்கிக்கொண்டான் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. வடக்கு வாயிற்படி அருகே சிவன் குனிந்து சண்டேசரின் தலையில் மாலையைச் சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. சண்டேசர் கைகூப்பித் தலையைத் தாழ்த்தியிருக்கிறார். மாலையைச் சுற்றும் விரல்களில் அவசரமே இல்லை. இராசேந்திரன் தனக்கே முடிசூட்டப்படுவதாக நினைத்து அதைச் செதுக்கச் சொன்னான் என்று வாசித்த கலை வரலாற்றறிஞர்கள் உண்டு. இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு விஷயம் இடிக்கிறது. தஞ்சைக் கோயிலின் அதிட்டானம் முழுக்க இராசராசன் பேசுகிறான்: யார் என்ன கொடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து எவ்வளவு நெல், எந்த நாட்டியப் பெண்ணுக்கு எந்த வீடு. மகன் கட்டிய இந்தக் கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டு கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் பழையது அவன் மகன் வீரராசேந்திரனுடையது. தகப்பனும் தமையன்மாரும் கொடுத்த கொடைகளைப் பின்னாளில் தொகுத்து வெட்டிவைத்தது. ஆக, தலைநகரத்தை நிறுவியவனைப் பற்றிக் கோயிலிடம் கேட்டால் அது நேராகப் பதில் சொல்வதில்லை. பதில் வேறு இடங்களில் இருக்கிறது.

முதல் இடம், கோயிலிலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் உள்ள மாளிகைமேடு. பெயரே சொல்லிவிடுகிறது. 1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியது. 2021 முதல் மீண்டும் அகழாய்வு நடந்தது. கனத்த செங்கல் சுவர்களின் அடித்தளம், சுண்ணாம்புக் காரையில் அடுக்கிப் பதித்த தட்டோடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், மரத்தூண்களை நிறுத்தியிருக்கக்கூடிய கருங்கல் அடிக்கற்கள் என்று கிடைத்தவை அரண்மனையின் கட்டுமானத்தையே சொல்கின்றன: சுவர் செங்கல், தூண் மரம், கூரை ஓடு. கல்லைத் தூணுக்கு அடியில் மட்டும் வைத்தார்கள். சோழநாட்டில் கல் கடவுளுக்கு; அரசனே ஆனாலும் மனிதன் குடியிருக்க மண்ணும் மரமும் போதும். இந்த ஒரு வழக்கத்தைத் தெரிந்துகொண்டால், ‘கோயில் மட்டும் எப்படித் தப்பியது, அரண்மனை ஏன் போயிற்று’ என்ற கேள்வியில் இருக்கும் மர்மம் பாதி கரைந்துவிடும். இரண்டும் ஒரே ஆயுளுக்குக் கட்டப்பட்டவை அல்ல.

கல்வெட்டுகள் மீதியைச் சொல்கின்றன. வீரராசேந்திரன் காலத்தில் இந்த அரண்மனைக்கு சோழகேரளன் திருமாளிகை என்று பெயர். ஆதிபூமி என்ற தரைத்தளமும், கீழைச் சோபானம் என்ற கிழக்குப் படிக்கட்டுப் பகுதியும், மாவலி வாணாதிராசன் என்று பெயரிட்ட ஆசனமும் அதில் இருந்தன. தரைத்தளத்துக்கு என்று தனியாக ஒரு பெயர் வைக்கிறார்கள் என்றால் மேலே மாடி இருந்திருக்க வேண்டும். ஊருக்கு மதில் இருந்தது, திருவாசல் என்றும் வேம்புகுடி வாயில் என்றும் வாயில்கள் இருந்தன, இராசராசன் பெருவழி, இராசேந்திரன் பெருவழி என்று சாலைகள் இருந்தன. இவற்றோடு கூளை யானை போன பெருவழி என்று ஒன்றும் வருகிறது. கூளை என்றால் குட்டை. அரசர்களின் பட்டப்பெயர்களுக்கு நடுவே, ஏதோ ஒரு குட்டை யானை நடந்துபோன காரணத்துக்காக ஒரு பெருஞ்சாலை பெயர் பெற்றிருக்கிறது. ஒரு தலைநகரில் மனிதர்கள் வாழ்ந்தார்கள், வழி கேட்டார்கள், வழி சொன்னார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று விமானத்தின் எந்தக் கோட்டத்திலும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தோண்டிய குழிக்குள் நாலு வரிசைச் செங்கல்லைக் காட்டி இதுதான் அரண்மனை என்றால் குடும்பத்தோடு வந்தவர் என்ன பார்ப்பார்? குழந்தைகள் சிணுங்கும், பெரியவர்களுக்குக் கால் வலிக்கும். உண்மைதான். ஹம்பிக்குப் போகிறவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. அங்கேயும் அரண்மனைகளின் மேற்பகுதி பெரும்பாலும் மரம், போய்விட்டது. ஆனால் மேடைகளும் அடித்தளங்களும் கல்லில் நிற்பதால், எங்கே மண்டபம், எங்கே முற்றம் என்று கண்ணே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் ஹம்பியை எல்லோரும் நகரமாகப் பார்க்கிறார்கள், கங்கைகொண்ட சோழபுரத்தைக் கோயிலாகப் பார்க்கிறார்கள். இங்கே அடித்தளமே செங்கல். பிறகு வந்தவர்கள் வீடு கட்ட அதைத் தோண்டி எடுத்துப் போனார்கள். சில நூற்றாண்டுகளுக்கு இந்த மேடு சுற்றுவட்டாரத்தின் செங்கல் சூளையாகவே இருந்தது என்று சொல்லலாம். குறை பார்வையாளரின் பொறுமையில் மட்டும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாளிகைமேட்டைத் தனியாகப் பார்த்தால்தான் அது வெறும் குழி. ஏரியோடு சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறுகிறது.

ஏரிதான் இந்த ஊரின் உண்மையான அஸ்திவாரம். கொள்ளிடத்துக்குத் தெற்கே காவிரியின் வண்டல். வடக்கே ஏறினால் செம்மண் மேட்டுநிலம், இன்று முந்திரி விளைகிற பூமி. இவ்வளவு நெல் விளையும் டெல்டாவை விட்டுவிட்டு ஒருவன் ஏன் இந்தக் காய்ந்த மேட்டில் தலைநகர் வைத்தான்? வடக்கே சாளுக்கியரையும் வேங்கியையும் கவனிக்க வசதி என்பது வழக்கமான விளக்கம். இருக்கலாம். ஆனால் வசதியான இடத்தில் தண்ணீர் இல்லை என்றால் படைவீடு வைக்கலாம், தலைநகர் வைக்க முடியாது. இராசேந்திரன் அந்தக் குறையை வெட்டியே தீர்த்தான். அவன் படை 1023-ஐ ஒட்டிக் கங்கை வரை போய்த் தண்ணீர் கொண்டுவந்தது. அந்த வெற்றிக்கு நினைவாக அவன் வெட்டிய ஏரி சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்ற பொருளில் குறிக்கிறது. இன்று அதற்குப் பொன்னேரி என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ஒரு வருணனை, வடக்குத் தெற்காக 16 மைல் நீண்ட கரையையும், கொள்ளிடத்திலிருந்து அறுபது மைலுக்கு மேல் வெட்டிவந்த வாய்க்காலையும், வெள்ளாற்றிலிருந்து வந்த சிறிய வாய்க்காலையும் சொல்கிறது. அப்போதே ஏரி தூர்ந்து காடாகிக் கிடந்தது. வேறெந்த அரசனும் வெற்றிக்குத் தூண் நடுவான், தோரணம் கட்டுவான். இவன் நட்ட தூணில் தண்ணீர் குடிக்கலாம், நாற்று நடலாம். ஆடம்பரமும் அவசியமும் ஒரே கரைக்குள் நின்றன.

ஏரியை வைத்துப் பார்த்தால் ஊர் ஏன் போயிற்று என்பதற்கும் எளிய விடை கிடைக்கிறது. பாண்டியர் வந்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்பது பரவலான நம்பிக்கை. அதற்கு இடமில்லாமல் இல்லை: 13-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் எரித்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையடித்துக்கொள்கிறான். அதே கை இங்கேயும் நீண்டிருக்கலாம். ஆனால் இந்தக் கோயிலில் பாண்டியர் கல்வெட்டுகளும் இருக்கின்றன. வழிபாட்டுக்கு நிலம் கொடுத்திருக்கிறார்கள். ஊரையே அழித்தவன் அங்கே பூசைக்கு எதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும்? அரசன் போனதும் அறுபது மைல் வாய்க்காலைத் தூர்வாரும் ஆள்பலமும் போயிருக்கும், ஏரி தூர்ந்திருக்கும், மேட்டுநிலம் பழையபடி மேட்டுநிலமாகியிருக்கும் என்ற விளக்கத்துக்கு எந்தப் போரும் தேவையில்லை. மழையும் செங்கல் எடுத்தவர்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதகளம், சுண்ணாம்புக்குழி, கடாரங்கொண்டான். வரைபடத்தில் இந்தப் பெயர்களை வாசிக்கும்போதே கோட்டையும் மெய்க்காவல் படையும் ஆயுதச்சாலையும் கண்முன் எழுந்துவிடும், ஆபத்தும் அங்கேதான். பெயரை வைத்துக் கதை கட்டுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. ஊர்ப்பெயர் எப்போது வந்தது, யார் வைத்தது என்று கேட்காமல் அதைக் கல்வெட்டுக்குச் சமமாக வைப்பது தவறு என்று ஆய்வாளர் ஒருவர் முகம் சுளித்தால் அவர் பக்கம் நியாயம் உண்டு. ஒற்றைப் பெயரை நம்பி எதையும் நிறுவக் கூடாது. ஆனால் மாளிகைமேடு என்ற பெயரை நம்பித் தோண்டிய இடத்தில் மாளிகை வந்திருக்கிறது; கடாரங்கொண்டான் என்ற பட்டம் கல்வெட்டுகளில் இராசேந்திரனுக்கு இருக்கிறது. பெயரும் மண்ணும் எழுத்தும் ஒன்றையொன்று தாங்கும் இடங்களில் சந்தேகத்தைக் கொஞ்சம் தளர்த்தலாம். மற்ற பெயர்களைக் காதில் போட்டு வைத்துக்கொள்வோம், கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அப்படியானால் போகிறவர் என்ன செய்வது? வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும் என்று தோன்றுகிறது. காலையில் முதலில் பொன்னேரிக் கரை. அங்கிருந்து மாளிகைமேடு, உட்கோட்டைத் தெருக்கள். நேரம் இருந்தால் செங்கமேடு. கலிங்கத்திலிருந்து வந்த செம்மணற்கல் காளியும் பைரவரும் அங்கே நிற்கிறார்கள், இந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்கு நடுவே அந்தச் சிவப்பு தனியாகத் தெரியும். கோயில் கடைசி. ஊரைச் சுற்றிவிட்டு உள்ளே வருகிறவருக்கு, இந்தப் பிரகாரம் ஏன் இவ்வளவு அகலம், இத்தனை பேர் கூட எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி தானாக எழும்; நேராகக் கோயிலில் இறங்குகிறவருக்கு அது எழ வழியில்லை. சிங்கம், சிங்கம் என்று குழந்தைகள் ஓடும் சிங்கமுகக் கிணற்றைச் சோழன் கணக்கில் எழுதிவிடாதீர்கள், அது பிற்காலத்தில் உடையார்பாளையம் ஜமீன் செய்த வேலை.

கோயிலின் சுற்றுமதிலைத் தேடி ஏமாந்தவர்களுக்கும் ஒரு விடை உண்டு. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, அந்தக் கருங்கல் மதிலைப் பிரித்துக் கொண்டுபோனார்கள். தடுக்க முயன்ற ஊர்க்காரர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கு காற்றோடு போயிற்று என்றும் மேலே சொன்ன அதே 19-ஆம் நூற்றாண்டு வருணனை கசப்போடு எழுதியிருக்கிறது. கும்பகோணம் திரும்பும் வழியில் அணைக்கரையில் அந்தக் கீழணை வரும். அங்கே தேங்கும் தண்ணீர் வடவாற்றில் பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து 2004 முதல் குழாயில் ஏறி, இன்றைய தலைநகரான சென்னைக்குக் குடிநீராகப் போய்க்கொண்டிருக்கிறது.