நந்தியாவட்டையில் ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டு வாசலில் ஒரு நந்தியாவட்டைச் செடி உண்டு. அம்மா அதன் பூவைத் தொடுத்துப் பிள்ளையாருக்குச் சாத்துவாள். ஐப்பசி மழைக்குப் பின் ஒருநாள் பார்த்தால், கிளைகள் மொட்டையாகி நின்றன. இலையோடு இலையாய் விரல் பருமனில் ஒரு பச்சைப் புழு! வாலில் சிறு கொம்பு. தலைப்பக்கம் இரண்டு நீலக் கண்கள். கண்கள் அல்ல, பகையை மிரட்டும் பொட்டுகள்!

"நசுக்கிப் போடுடா" என்றாள் அம்மா. நானோ விலங்கியல் மாணவன் ஆயிற்றே! ஹார்லிக்ஸ் புட்டியில் வைத்து வளர்த்தேன்.

அது டாப்னிஸ் நீரி என்னும் அந்துப்பூச்சியின் புழு. 1758-இல் லின்னேயஸ் சூட்டிய 'நீரி' என்பதே அரளியைக் குறிக்கும் சொல். ஆடு தின்றால் செத்துப்போகும் அரளி இதற்கு அமுது, நித்தியகல்யாணியையும் விடாது.

சில நாளில் புழு பழுப்பேறி, இலையை வெறுத்து அலைந்தது. காய்ந்த சருகிட்டேன், அதனடியில் கூட்டுப்புழுவாயிற்று. இரண்டு வாரம் கழித்து, ஒரு விடியற்காலையில், பச்சையும் இளஞ்சிவப்பும் குழைந்த அந்துப்பூச்சி வெளிவந்திருந்தது. ஆனால் சிறகுகள் சுருங்கியே காய்ந்துவிட்டன. ஏறித் தொங்கினால்தான் சிறகு விரியும். வழுக்கும் கண்ணாடியில் எங்கே ஏறும்? ஒரு குச்சி வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மா ஒன்றும் சொல்லாமல் அதை எடுத்துச் செடியில் விட்டாள். பறக்குமுன் உடலைச் சூடேற்ற இவ்வினம் சிறகை நடுக்கும். அந்தி மயங்கியதும் அதுவும் நடுக்கத் தொடங்கிற்று. நெடுநேரம் நடுக்கிக்கொண்டேயிருந்தது.