வாளியில் பாதிப் போட்டி

மலர் அலங்காரப் போட்டி என்றால் நடுவர்கள் வந்துபோன பிறகு உள்ளே விடுவார்கள், சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். இந்த முறை முந்தின நாள் மாலையே போய்விட்டேன். நீலகிரியில் மே மாத சீசன். மண்டபத்தில் அலங்காரம் ஒன்றுகூட இல்லை, வரிசையாகப் பிளாஸ்டிக் வாளிகள்தான். லில்லியமும் கார்னேஷனும் கழுத்தளவு தண்ணீரில் நின்றன.

ஜப்பானிய மலர் அலங்காரமான இக்கெபானா பிரிவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கலந்துகொள்கிறார். அவருக்கு ஒத்தாசையாக வந்த தோட்டக்காரர் ஹைட்ராஞ்சியா தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக நறுக்கினார். வெளியே நறுக்கினால் தண்டுக்குள் காற்று புகுந்து அடைத்துக்கொள்ளும். பிறகு டம்ளரில் கொதிநீர் ஊற்றி, நுனியை மட்டும் அரை நிமிஷம் முக்கினார். “இதுக்குத் தாகம் ஜாஸ்திங்க. இப்படிப் பண்ணலேன்னா காலையில தலையத் தொங்கப் போட்டுடும்.” வாடின பூவுக்கு மதிப்பெண் போய்விடும். என்னைக் கேட்டால் பாதிப் போட்டி வாளியிலேயே முடிந்துவிடுகிறது.

விடிந்ததும் அலங்காரம். டீச்சர் கற்றது சோகெட்சு பாணி, 1927-இல் சோஃபு தெஷிகஹாரா ஜப்பானில் தொடங்கியது. இக்கெபானா என்றால் மனம்போனபடி நாலு குச்சியைச் செருகுவது என்று நினைப்பவர்கள், அவர் ஸ்கேலை எடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். கிண்ணத்தின் விட்டம் 30 செ.மீ., ஆழம் 6. கூட்டி ஒன்றரையால் பெருக்கினால் 54. அதுதான் முதல் தண்டான ‘ஷின்’னின் நீளம். அதில் முக்கால் ‘சோயே’, சோயேயில் முக்கால் ‘ஹிகாயே’. நிமிர்ந்த அடிப்படை வடிவத்தில் ஷின் 10, 15 டிகிரிதான் சாயலாம். சோயே 45, ஹிகாயே 75. மற்ற பூக்களெல்லாம் இந்த மூன்றுக்கும் துணைக்கு வருபவை.

தண்டுகளைப் பிடித்து நிறுத்துவது கென்சான். கனமான ஈயத்தட்டு, மேலே நெருக்கமாகப் பித்தளை ஊசிகள். கிளையை நேராகக் குத்தி, அப்புறம்தான் வேண்டிய பக்கம் சாய்க்க வேண்டும். அந்தத் தட்டு வெளியே தெரியவும் கூடாது.

பக்கத்து மேஜைகளில் மேற்கத்திய பாணிகள்: முக்கோணம், பிறை, ‘எஸ்’ எழுத்தாக வளையும் ஹோகார்த் வளைவு. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை ஃபோம். 1954-இல் அமெரிக்காவில் வந்த சரக்கு. தண்ணீரில் ஊறவைத்தால் பூ எந்தக் கோணத்திலும், தலைகீழாகக்கூட நிற்கும். ஹோகார்த் வளைவின் கீழ்ப்பாதி இவ்வளவு சுலபமாக வருவது இதனால்தான். ஆனால் சனியன் மக்காது, பொடிப்பொடியாக உதிரும். லண்டன் செல்சி மலர்க்காட்சியில் 2021 முதல் இதற்குத் தடை. இங்கேயும் தடை வந்தால் நான் கைதட்டுவேன்.

நடுவர்கள் வந்ததும் எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒதுக்கிய இடத்தை ஓர் இலை தாண்டினாலும் போட்டியிலிருந்தே நீக்கம் என்பது விதி. அதனால் கடைசி நிமிஷம்வரை கத்தரிக்கோல்கள் ஓயவில்லை.

டீச்சருக்கு அவர் பிரிவில் இரண்டாம் பரிசு. ஹிகாயே போதுமான அளவு தாழவில்லையாம். மொத்தப் போட்டியின் சிறந்த அலங்காரம் ஃபோமில் செய்த ஒரு பிறை. தோட்டக்காரருக்குப் பொறுக்கவில்லை. “அதுல என்னங்க வேலை இருக்கு டீச்சரம்மா? குத்துனா நிக்குது.”

“எங்க குத்தணும்னு தெரியணுமே தம்பி” என்றார் டீச்சர். அந்தப் பிறையை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்.