ரகுவைப் பார்த்து வந்தேன்



எனக்கு மிகவும் பிடித்த விலங்கு யானை. இதைப் படித்ததும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் ஊரில் யானையைப் பிடிக்கும் என்று சொன்னால் திட்டுதான் கிடைக்கும். ஐப்பசி பிறந்தால் போதும், பன்னேர்கட்டா காட்டில் இருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டமாக வந்துவிடும். தமிழில் யானை, கன்னடத்தில் ஆனெ, தெலுங்கில் ஏனுகு. நம் தெருவில் மூன்று பாஷையிலும் அதைத் திட்டுவார்கள்.

எங்கள் வீட்டிலும் திட்டுவார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரே ராத்திரியில் எங்கள் ராகி ஒரு ஏக்கர் போய்விட்டது. தின்றது கொஞ்சம், மிதித்தது நிறைய. அன்றைக்கு அப்பா வரப்பில் உட்கார்ந்து பேசாமல் இருந்தார். அதை நான் மறக்கவே மாட்டேன். அப்படியும் எனக்கு யானை பிடிக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

சிப்காட்டில் வேலை செய்யும் என் மாமா, போன வருஷம் ஆயுதபூஜை லீவில் நண்பர்களோடு வேன் பிடித்து முதுமலைக்குப் போனார். இரண்டு சீட் காலியாக இருந்ததால் என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார். அங்கே தெப்பக்காட்டில் யானை முகாம் இருக்கிறது. நான் துள்ளிக் குதித்தேன். "நீயும் வாப்பா" என்று அப்பாவைக் கூப்பிட்டேன். ராகி கதிர் பிடிக்கிற நேரம், அப்பா பரணில் காவலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டே, "யானையைப் பார்க்க 300 கிலோமீட்டர் போகணுமா? எங்கூட பரண்ல வந்து உட்காரு. அதுவே வரும்" என்றார்.

கிளம்புகிற அன்று சாயங்காலம் மோட்டார் ரூமில் செருப்பு தேடும்போது ஒரு புதுக் கம்பிச் சுருளைப் பார்த்தேன். எதற்கு என்று அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? பேசாம வா" என்றார் அம்மா. எனக்குப் புரிந்துவிட்டது. லைனில் இருந்து கரண்ட் எடுத்து வேலியில் விடச் சொல்லி யாரோ அப்பாவுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். வேனில் ஏறினேன். ஆனால் பாதி சந்தோஷம் போய்விட்டது.

ராத்திரி பத்து மணிக்குப் புறப்பட்டு ஓசூர், பெங்களூரு, மைசூரு தாண்டி குண்டலுப்பேட்டைக்கு விடியற்காலையில் போனோம். பந்திப்பூர் காட்டு ரோட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வண்டி விடமாட்டார்கள். ராத்திரியில் ரோட்டைக் கடக்கும் விலங்குகள் வண்டியில் அடிபடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. நாங்களும் லாரிகளோடு வரிசையில் நின்றோம். குளிர் தாங்க முடியவில்லை. கேட் திறந்ததும் புள்ளிமான், மயில் எல்லாம் பார்த்தோம். காட்டு யானை மட்டும் கண்ணில் படவில்லை. நம் ஊரிலேயே அதைப் பார்ப்பது சுலபம் போல!

தெப்பக்காடு மாயாற்றங்கரையில் இருக்கிறது. காலையில் யானைகளுக்குச் சாப்பாடு கொடுப்பதைத் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். ராகி, அரிசி, கொள்ளு எல்லாம் வேகவைத்து, வெல்லமும் உப்பும் சேர்த்துப் பெரிய பெரிய உருண்டையாகப் பிடித்து யானையின் வாய்க்குள்ளேயே வைக்கிறார்கள். பார்த்தால் எங்கள் வீட்டுக் களி போலவே இருந்தது. "நம்ம ராகிய தின்னா வெடி போடுறோம். இங்க ஊட்டியே விடுறாங்க பாரு" என்றார் அம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு பாகன் அண்ணா என்னிடம், "எந்த ஊரு பாப்பா?" என்று கேட்டார். "ஓசூர் பக்கம், தேன்கனிக்கோட்டைங்கண்ணா" என்றேன். "அப்போ உங்க ஊருக்காரன் அதோ நிக்கிறான் பாரு. அதுதான் ரகு" என்றார்.

'தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்' படத்தை மாமாவின் செல்போனில் நான் பார்த்திருக்கிறேன். 2023-இல் ஆஸ்கர் விருது வாங்கிய படம். பொம்மன் அய்யாவும் பெள்ளி அம்மாவும் பிள்ளை மாதிரி வளர்த்தார்களே, அந்த ரகுதான். 2017-இல் நம் ஓசூர் வனக்கோட்டத்தில் காயத்தோடு கிடைத்த குட்டி. அதன் அம்மா கரண்ட் அடித்துச் செத்துப்போனது. படத்தில் பார்த்தபோது அது ஏதோ கதை போல இருந்தது. நேரில் பார்த்தபோது எனக்கு மோட்டார் ரூம் கம்பிதான் ஞாபகம் வந்தது. ரகு தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு களி தின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

யானை குட்டியை 22 மாதம் சுமந்து பெறுகிறது. வயதான பெண் யானைதான் கூட்டத்துக்குத் தலைவி. எங்கே தண்ணீர், எந்த வழி என்று எல்லாம் அதற்குத்தான் தெரியும். அது செத்தால் கூட்டமே வழி தெரியாமல் தவிக்கும். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கத்தில் வேலியில் விட்ட கரண்டில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தனியாக நின்றன. அந்த விவசாயியைக் கைது செய்தார்கள். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்வார்கள். அங்கே யாருக்கு என்ன பொன் கிடைத்தது?

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். கடைசியில், "அந்தக் கம்பிய போடாதப்பா" என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "யானை மேல இருக்கிற பாசம் அப்பன் மேல இல்லையா? ராகி போச்சுன்னா உனக்கு நோட்டு வாங்கக் காசு ஏது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா சொன்னதும் உண்மைதானே. "உன்னையும் புடிச்சிக்கிட்டுப் போயிடுவாங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கார்த்திகையில் யானை வந்தது. ராத்திரி முழுக்க வெடிச் சத்தம். அம்மாவும் நானும் தூங்கவே இல்லை. விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். கால் ஏக்கர் போயிருந்தது. மோட்டார் ரூமில் கம்பி சுருட்டினபடியே இருந்தது. அப்பா டீ குடித்துக்கொண்டே, "மூணு வந்துச்சு. குட்டி ஒண்ணு அம்மா வயித்துக்கு அடியிலயே ஒட்டிக்கிட்டு நடந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நிவாரணத்துக்கு மனு எழுத என்னைத்தான் கூப்பிட்டார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

நண்பர்களே! உங்கள் வீட்டில் யாராவது வேலியில் கரண்ட் விடலாம் என்று சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். சோலார் வேலி வேறு. அது விட்டு விட்டு ஷாக் அடித்து விரட்டும், கொல்லாது. லைனில் இருந்து நேராக இழுத்தால் யானையும் சாகும், இருட்டில் வரும் மனுஷனும் சாவான். சட்டப்படியும் குற்றம்.

எங்கள் வீட்டுக் கம்பி இப்போது துணி காயப்போடும் கொடியாக இருக்கிறது. இன்று நான் போட்டு வந்த யூனிஃபார்மும் அதில் காய்ந்ததுதான்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி