மகளுடன் நடந்த பத்து நிமிடங்கள்



மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட நாம், நாற்பது வயதைக் கடந்த பின்னர் முதன்முறையாக ஓர் ஆங்கில இசைப்படத்தை முழுமையாகப் பார்த்தோம். சிலர் புருவம் உயர்த்தக்கூடும். இசை குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவதை நாம் அறிவோம்; பேணுதலின் பக்கமே நிற்கிறோம். ஆயினும், கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் மூத்த மகள், பாடத்திற்காக அதைப் பார்க்க வேண்டியிருந்தது. "வாப்பா, நீங்களும் கூட இருங்கள். சரி எது, தவறு எது என்று பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றாள். இன்ஷா அல்லாஹ், வருகிற ஷவ்வாலில் அவளுக்கு நிகாஹ். மறுக்க மனம் வரவில்லை.

2008-இல் வெளிவந்த 'மம்மா மியா!' என்பது அப்படம். கதைக்காகப் பாட்டு எழுதுவதுதானே வழக்கம்? இங்கே அது தலைகீழ். 'அப்பா' என்னும் சுவீடன் நாட்டு இசைக்குழு முன்பே பாடிப் புகழ்பெற்ற பாடல்களை எடுத்து, அவற்றுக்கேற்ப ஒரு கதையைப் பின்னியிருக்கிறார்கள். 1999-இல் இலண்டனில் மேடை நாடகமாகத் தொடங்கிப் பின்னர் திரைக்கு வந்தது. காசு போட்டால் விரும்பிய பாட்டை ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டியின் பெயராலேயே இவ்வகைப் படங்களை அழைக்கிறார்கள் என்று மகள் விளக்கினாள்.

கிரேக்கத் தீவொன்றில் இருபது வயதுப் பெண்ணுக்குத் திருமணம். தன் தந்தை யாரென்று அவளுக்குத் தெரியாது. தாயின் பழைய நாட்குறிப்பைப் படித்து, மூவரில் ஒருவராக இருக்கலாமென எண்ணி, மூவரையும் அழைக்கிறாள். மணநாளில் தன் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒரு தந்தை வேண்டும் என்பதே அவள் ஏக்கம். இறுதிவரை தந்தை யாரென்று உறுதியாகவில்லை.

படத்தில் நமக்கு ஒவ்வாதவை பல. வளர்ப்புப் பிள்ளைகளைக்கூட அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பணிக்கிறது. வம்சாவளியைப் பேணாவிடில் பிள்ளை எப்படித் தவிக்கும் என்பதற்கு இப்பெண்ணே சான்று என மகளிடம் சொல்ல ஆயத்தமாயிருந்தோம்.

அப்போது அந்தக் காட்சி வந்தது. தாய் தன் மகளை மணப்பெண்ணாக அலங்கரித்தபடி பாடுகிறாள். மகள் படத்தை நிறுத்தினாள். அப்பாடல் திருமணத்திற்காக எழுதப்பட்டதன்று, 1981-இல் அக்குழுவின் பியோர்ன் உல்வேயஸ், தம் சிறுமகள் பள்ளிக்கூடம் செல்வதைக் கண்டு எழுதியது என்றாள். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "வாப்பா, என்னை ஒருநாளாவது நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றிருக்கிறீர்களா?" என்று கேட்டாள்.

குரலில் குறை ஏதுமில்லை, அறிந்துகொள்ளவே கேட்டாள். நம்மிடம் பதிலில்லை. ஃபஜ்ருக்குப் பின் பள்ளிக்கூட நேரம் வரை ஊர்ப்பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்போம். இவளைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றது இவள் உம்மாதான். மத்ரஸாவில் மற்றப் பிள்ளைகளைப் போலவே நம்மை "ஹஜ்ரத்" என்பாள். வீட்டிலும் சிலவேளை வாய்தவறி அப்படியே அழைத்துவிடுவாள். அதைப் பெருமையாகவே எண்ணியிருந்தோம்.

சொல்ல நினைத்திருந்த உபதேசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அப்பெண்ணுக்குத் தந்தையின் பெயர் தெரியவில்லை. நம் மகளுக்கோ பெயர் தெரியும், வம்சம் தெரியும். தந்தையின் காலைப்பொழுதுதான் கிட்டவில்லை. ஒவ்வொருவரும் தம் பொறுப்பிலுள்ளோர் பற்றி விசாரிக்கப்படுவார் என்னும் நபிமொழியை எத்தனையோ நிகாஹ் மேடைகளில் விளக்கியவர்கள் நாம். ஷவ்வாலில் வலீயாக அமர்ந்து அவளை ஒப்படைக்க வேண்டியவரும் நாமே.

மறுநாள் மத்ரஸாவின் கடைசி அரைமணி நேரத்தைச் சக உஸ்தாத் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கல்லூரிப் பேருந்து நிறுத்தம் வரை மகளுடன் நடந்தோம். பத்து நிமிட வழி. முதலிரு நாட்கள் என்ன பேசுவதென்றே இருவருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள், புகுந்த வீட்டை நினைத்தால் கொஞ்சம் அச்சமாயிருக்கிறது என்றாள். இதை வேறு யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை.

இன்னும் ஏழு வாரங்களே உள்ளன. தவறவிட்ட காலைகளுக்காக நம்மை மன்னித்து, எஞ்சியிருக்கும் நாட்களில் வல்ல ரஹ்மான் பரக்கத் செய்வானாக. ஆமீன்.