மட்டையில் தெரியும் மரம்

ஈச்ச ஓலையின் ஓர் இணுக்கைக் குறுக்கே நறுக்கி, வெட்டுவாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரண்டு ஓரமும் மேலே தூக்கியிருக்க, நடுவில் பள்ளம் இருக்கும். தென்னை ஓலையில் இது நேரெதிர். ஓரங்கள் கீழே சரிந்து, நடு ஈர்க்கு மேட்டில் நிற்கும். கமுகும் பிரம்பும் தென்னையின் பக்கம். உலகில் ஏறக்குறைய 2,600 வகைப் பனைக் குடும்பத்து மரங்கள் இருக்கின்றன. அவற்றில் இறகு போல ஓலை விரித்து, அதே சமயம் மேல்நோக்கி மடிந்த இணுக்கும் கொண்டவை ஈச்சஞ்சாதியும் கூந்தல் பனையும் அதன் நெருங்கிய உறவுகளும்தான். காட்டில் விழுந்து கிடக்கும் ஒரு துண்டு ஓலையை வைத்தே இந்த அளவுக்கு வந்துவிடலாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே சொல்கிறவர்களைப் பார்த்தது எங்கள் ஊரிகத்துப் பக்கத்தில்தான்.

கோலார் தங்கவயலில் இருக்கும் ஊரிகம் என்றால் சுரங்கமும் அதன் கழிவு குவிந்த சயனைடு மேடும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 2001 பிப்ரவரியில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பெருமையைச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊரின் ஓடைகளையும் ஏரிக்கரைகளையும் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு. சுரங்கத்துக்கும் குடியிருப்புகளுக்கும் தண்ணீர் கொடுத்த பேத்தமங்கலத்து ஏரியை நோக்கிப் போனால், தாழ்வான ஈர நிலமெல்லாம் ஈச்ச மரம். பாலாற்றுப் படுகையில் அது தானாக முளைக்கும். மழைக்காட்டுப் பனைகளைத் தேடி மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போய்வருவது என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் இந்தக் கரைகளில் மட்டை வெட்டிக் கூடை பின்னும் குடும்பங்களிடம் போய் உட்காருவேன்.

இவர்கள் குறவர் குடிகள். கர்நாடகத்தில் கொரமர், கொரச்சர் என்று பட்டியல் சாதிகளில் வருகிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுவார்கள், தங்களுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு மொழியும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் இவர்களின் உறவுக்காரர்களை ஊர் ஊராகக் கையெழுத்துப் போட வைத்தது. 1952இல் அது நீக்கப்பட்டும் பழைய பார்வை முழுசாகப் போய்விடவில்லை. ஏரிக்கரையில் அரிவாளோடு நடந்தால் இன்றைக்கும் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள்.

கூடைக்கு மட்டை எடுப்பதே தனி வித்தை. குருத்துக்குப் பக்கத்து மட்டை பிஞ்சு, காய்ந்தால் சுருங்கிவிடும். அடி மட்டை முற்றியது, பிளந்தால் முறியும். நடுவில் நிற்பதை வெட்ட வேண்டும். ஈச்ச மட்டையின் அடியில் இணுக்குகள் எல்லாம் முள்ளாக மாறியிருக்கும், விரல் நீளத்துக்கு, ஊசி முனையோடு. குத்தினால் முனை உள்ளேயே ஒடிந்து சீழ் வைக்கும். அக்கா ஒருவர் மட்டையைத் தலைகீழாகப் பிடித்து, அடியிலிருந்து நுனிக்கு அரிவாளை ஒரே இழுப்பாக இழுத்து முள்ளைச் சீவிப் போட்டார். பிறகு ஓலையைக் கழித்து, தண்டை நெடுக்காகப் பிளந்து, உள்சோற்றைச் சுரண்டி, பட்டையை மட்டும் எடுத்து ஊறப் போட்டார். ஊறிய பட்டை தோல் வாரைப் போல வளைகிறது. கழித்த ஓலையும் வீணாவதில்லை, பாய்க்குப் போகும்.

“எல்லா ஈச்சமும் ஒண்ணு இல்ல சார்” என்றார் அங்கிருந்த பெரியவர். “ஏரி ஈச்சம் கூடைக்கு. மலை ஈச்சம் தொடப்பத்துக்கு. மலையில இருக்கிறது மட்டை குட்டை, ஒல்லி. பொளந்தா ஒண்ணும் தேறாது.”

இந்த ஒரு பேச்சில் இரண்டு இனங்களின் விளக்கம் அடங்கிவிட்டது. ஏரிக்கரையில் உயர்ந்து நிற்பது ஃபீனிக்ஸ் சில்வெஸ்ட்ரிஸ். ஜவ்வாது மலை போன்ற குன்றுகளின் சரிவில் ஆள் உயரத்துக்குக் குட்டையாக நிற்பது ஃபீனிக்ஸ் லூரேரி. முதலாவதன் பழம் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தொங்கும். இரண்டாவதன் பழம் சிறியது, பழுத்தால் கறுத்துவிடும். சாஷா பேரோ என்ற கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர் 1998இல் ஈச்சஞ்சாதி முழுவதையும் ஆராய்ந்து 13 இனங்களாகப் பிரித்தார். செடியை உலர்த்தி ஒட்டி வைக்கும் மாதிரித் தாள்களில் இந்த இனங்களைக் குழப்பிக்கொள்வது சுலபம். ஓலை மூன்று மீட்டர் நீளம், தாள் அரை மீட்டர்கூட இல்லை. எதை வெட்டி ஒட்டுவது? அடி, நடு, நுனி மூன்றிலும் துண்டு எடுக்க வேண்டும், மட்டையின் அடிப்பட்டையை விடவே கூடாது. ஆனால் பழைய தாள்களில் பெரும்பாலும் நுனிதான் இருக்கிறது. அவசரத்தில் வெட்டியவர்களுக்கு அதுதான் கைக்கு எளிது.

ஏரிக்கரை மரம் ஒன்றின் உடம்பில் படிப்படியாக வெட்டுக் காயங்கள் இருந்தன, ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது எதிர்ப் பக்கம். தென்னையிலும் பனையிலும் பாளையைச் சீவிக் கள் இறக்குவார்கள். ஈச்சத்தில் தலைக்குக் கீழே உடம்பையே செதுக்கி வடிப்பார்கள். ஆண்டுக்கு ஒரு பக்கம், மறு ஆண்டு மறு பக்கம். அதனால் மரமே கோணல் மாணலாக வளர்ந்து, எத்தனை ஆண்டு கள் கொடுத்தது என்ற கணக்கைத் தன் மேலேயே வைத்திருக்கும். கள்ளுக்குத் தடை வந்த பிறகு மேலே புது வெட்டு இல்லை.

இப்படி மரத்தைக் கிட்ட நின்று பார்த்துப் படிக்கும் வசதி மழைக்காட்டில் கிடையாது. அங்கே தலை நிமிர்ந்தால் பச்சை மட்டும்தான் தெரியும். பிரம்பு முப்பது நாற்பது மீட்டர் கொடியாக மேலே ஏறிவிட்டிருக்கும், பூவும் காயும் எட்டாத உயரத்தில் இருக்கும். நமக்குக் கிடைப்பது தண்டைப் போர்த்திய உறைதான். அந்த உறையில் முள் சிதறிக் கிடக்கிறதா, சீப்புப் பல் போல வரிசை கட்டுகிறதா, கொக்கி வைத்த சாட்டை உறையிலிருந்து கிளம்புகிறதா, ஓலையின் நுனியிலிருந்தா என்று பார்க்க வேண்டும். வெட்டுகிறவர்கள் உறையை உரித்துவிட்டால் போயிற்று. உரித்த பிரம்புகளை இனம் பிரிக்க நுண்ணோக்கிக்குப் போக வேண்டும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சி. ரேணுகா 1992இல் மேற்குத் தொடர்ச்சி மலைப் பிரம்புகளுக்கு ஒரு கையேடு எழுதினார். என் பையில் நைந்துபோன புத்தகம் அதுதான். தரையில் நிற்கும் கன்றுகள் இன்னும் கடினம். பல இனங்களின் முதல் ஓலைகள் இரண்டாகப் பிளந்த ஒரே மாதிரியான ஏடுகளாகவே வரும். காட்டில் நாம் பார்க்கும் பனைகளில் பெரும்பாலானவை அந்த வயதுதான்.

அனுமதி வாங்கி எடுத்த உலர்ந்த துண்டுகள் சிலவற்றை ஒரு முறை இவர்களிடம் காட்டினேன். எந்தக் காடு, என்ன மரம் என்று ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் கூந்தல் பனையின் இணுக்கை எடுத்தார். மீன் வால் போல நுனி கிழிந்த அந்த இணுக்கைத் திருப்பி, மடிப்பை நகத்தால் கீறிப் பார்த்து, “இது நம்ம ஈச்சத்துக்கு ஒறவு” என்று கீழே வைத்தார். கமுகுச் சாதியைத் தனியே ஒதுக்கினார். பிரம்பு உறையை அக்கா வாங்கி முள்ளைக் கீழ்நோக்கித் தடவி, “இது ஏறுற சரக்கு. முள்ளு எல்லாம் கீழ பார்த்து நிக்குது, வழுக்காம இருக்க” என்றார். இவர்கள் யாரும் மழைக்காட்டுக்குப் போனவர்கள் இல்லை.

எனக்கு இது அதிசயமாகப் படவில்லை, நியாயமாகவே பட்டது. நம் பனைகளின் அறிவியலே இப்படிப்பட்ட கைகளிலிருந்து தொடங்கியதுதான். 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த ஹோர்த்துஸ் மலபாரிகஸ் என்ற மலபார்ச் செடிகளின் நூலுக்கு டச்சு ஆளுநர் வான் ரீடின் பெயர் நின்றது. செடிகளைச் சொல்லிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் சேர்த்தலைப் பக்கத்து ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். பனையேறுவதைத் தொழிலாகக் கொண்டிருந்த சமூகம் அவருடையது. அந்த நூலின் காட்டு ஈந்தல் படத்தை வைத்துத்தான் 1753இல் லின்னேயஸ் நம் ஏரிக்கரை ஈச்சத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய மாதிரித் தாளில் சேகரித்தவர் பெயருக்கு இடம் இருக்கிறது, சொன்னவர் பெயருக்கு இல்லை. அதை நான் சேர்த்து எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

தொழில் சுருங்கிவிட்டது. கோலார் சந்தையில் தக்காளி இப்போது பிளாஸ்டிக் பெட்டியில் போகிறது. எரு அள்ளவும் மாட்டுத் தொழுவத்துக்கும்தான் ஈச்சங்கூடை கேட்கிறார்கள். பிள்ளைகள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அதில் தப்பு எதுவும் இல்லை. எனக்குப் பொறுக்காதது வேறு. ஏரியைத் தூர் வாரும்போது கரையிலுள்ள ஈச்சத்தை முட்செடி என்று பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்குகிறார்கள். கரை மண்ணைப் பிடித்து நிற்பதே அந்த வேர்தான். தூர் வாரட்டும், வேண்டியதுதான். வாருவதற்கு முன் மட்டை வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு எதை விடலாம் என்று கேட்கலாம். நான் அக்காவிடம் கேட்டேன்.

“பெரிய மரம் வெச்சு நாங்க இன்னா பண்றது தம்பி? கைக்கு எட்டுற மரமா ஒரு பத்து, கரைக்கு உள்பக்கமா விட்டா போதும். ஆண் மரம், பொட்டை மரம் ரெண்டும் இருக்கணும், இல்லாட்டி காய் வெக்காது, கன்னு வராது. எதுன்னு தெரியலன்னா பூ வெக்கிற மாசத்துல வரச் சொல்லு, காட்டுறோம்.”