பரமேஸ்வராச் சந்தியும் கைலாசபதியும்

திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைப் பழைய ஆட்கள் இன்றைக்கும் 'கம்பஸ்' என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில் பரமேஸ்வராச் சந்தியைச் சுற்றி இத்தனை கடைகள் இல்லை. செம்மண் தோட்டங்களும் கிடுகு வேலிகளும்தான். விடியப்புறம் துலா ஏறி இறங்கும் சத்தம் கேட்கும். கத்தரிக்காயும் வெங்காயமும் கட்டிய சைக்கிள்கள் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகும். நடுவில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி. அதன் வளவுக்குள்ளேயே சிவன் கோயில்.

1974 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து அந்தக் கல்லூரியை இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் திறந்து வைத்தார். விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில் நடந்தன. அந்த வருடம் தை மாதம் தமிழாராய்ச்சி மாநாட்டில் உயிர்கள் போயிருந்தன. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தலால் எங்கள் அண்ணன்மாரின் படிப்புக் கனவுகள் உடைந்திருந்தன. தமிழ்க் கட்சிகள் கேட்டது திருகோணமலையில் ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம். இந்த வளாகம் அரசாங்கத்தின் கண்துடைப்பு என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். அந்தக் கோபத்துக்கு நடுவே முதல் வளாகத் தலைவராக வந்தவர் 41 வயது க. கைலாசபதி.

நான் அப்போது பள்ளிக்கூடப் பொடியன். பெரியவர்களின் பேச்சில்தான் அவரை அறிந்தேன். கோலாலம்பூரில் பிறந்தவர், யாழ் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்தவர். 1959இல், 26 வயதில், 'தினகரன்' ஆசிரியர். எங்கள் எழுத்தாளர்கள் இந்தியப் பத்திரிகைக் கதைகளையே பார்த்து எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மண்ணின் கதையை எங்கள் மொழியில் எழுதுங்கள் என்று இடம் கொடுத்தவர். பிறகு பேர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு. சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு வைத்துப் பார்த்து, அவை வாய்மொழி மரபில் பிறந்த வீரயுகப் பாடல்கள் என்று காட்டிய அந்த ஆய்வை 1968இல் ஒக்ஸ்போர்ட் புத்தகமாகப் போட்டது.

இராமநாதன் சர்வசன வாக்குரிமையே கூடாது என்று டொனமூர் ஆணைக்குழுவின் முன் வாதாடியவர். அவர் கட்டிய கல்லூரியில் ஒரு மார்க்சியவாதி தலைமை நாற்காலியில் இருந்தார். ஊருக்கு அது சின்ன விசயமில்லை. மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதி பார்த்து ஆட்களை மறித்தது 1968இல்தான். அந்தக் காயம் ஆறவில்லை. டானியலையும் டொமினிக் ஜீவாவையும் போன்ற, ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்த எழுத்தாளர்களுக்குத் தோள் கொடுத்த விமர்சகர் கைலாசபதி. கஸ்தூரியார் வீதியிலிருந்து ஜீவா தன் 'மல்லிகை' இதழைத் தானே சுமந்து விற்றுத் திரிந்ததை அன்று யாழ்ப்பாணத்தில் காணாதவர் குறைவு. பண்டிதர்கள் 'இழிசினர் வழக்கு' என்று ஒதுக்கிய பேச்சுத்தமிழ் இலக்கியமாகும் என்று அந்த எழுத்தாளர்கள் பக்கம் நின்று வாதாடியவர்களில் முன்னே நின்றவர் கைலாசபதி.

தொடக்க வருடங்களில் சிங்கள மாணவர்களும் வளாகத்தில் படித்தார்கள். 1977 கலவரத்தோடு அவர்கள் போனார்கள். அதே வருடம் தலைமைப் பொறுப்பு பேராசிரியர் வித்தியானந்தனுக்குப் போனது. கைலாசபதி தமிழ் கற்பிப்பதைத் தொடர்ந்தார். அடுத்த வருடம் பேராசிரியர் சிவத்தம்பியும் வந்து சேர, தமிழ்த்துறைக்கு அது ஒரு பொற்காலம் என்பேன்.

நான் மாணவனாக உள்ளே போனபோது அவர் இல்லை. 1982 டிசம்பர் 6ஆம் திகதி, ஐம்பது நிரம்புமுன்னே, கொழும்பில் காலமாகிவிட்டார். அதற்கு முந்திய வருடம்தான் யாழ் பொது நூலகம் எரிந்தது. இரண்டு இழப்பையும் ஒரே மூச்சில் சொல்லித்தான் எங்கள் ஆசிரியர்கள் அழுவார்கள். அவர்களுக்கு அவர் 'கைலாஸ்'.

எனக்கு அவர் கிடைத்தது ஒரு இரவல் புத்தகத்தில். 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்', 1966இல் வந்தது. மட்டை பிய்ந்து, முதுகில் கோந்து காய்ந்து, தாள் பழுத்துக் கிடந்தது. 'நாடும் நாயன்மாரும்' கட்டுரையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பிழை' என்று எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே வேறொரு கையெழுத்து: 'ஏன்?' சமணமும் பௌத்தமும் வணிகரோடு நின்றன, நிலவுடைமையாளர் பக்கமிருந்து எழுந்ததுதான் நாயன்மாரின் இயக்கம் என்கிறது அந்தக் கட்டுரை. 'பேரரசும் பெருந்தத்துவமும்' இன்னும் ஒரு படி போகும். சோழப் பேரரசின் எழுச்சியோடு சைவசித்தாந்தத்தைப் பொருத்திக் காட்டும். ஆறுமுக நாவலர் பிறந்த நல்லூருக்குக் கூப்பிடு தூரத்தில், தேவாரம் கேட்டு எழும்பிய எனக்கு நெஞ்சு பதறியது.

எங்கள் அப்பு கோயிலில் பெரியபுராணத்துக்குப் பயன் சொல்பவர். புத்தகத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். திண்ணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பேசுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, வெத்திலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பிழையெண்டு சொல்லேலாது தம்பி. மனுசன் படிச்சுத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் உதுக்குள்ள பத்தி எங்கை போச்சு?"

கைலாசபதியைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்கள் பலதையும் பின்னாளில் வாசித்தேன். அவரின் 'தமிழ் நாவல் இலக்கிய'த்தை வெங்கட் சாமிநாதன் கடுமையாகத் தாக்கினார். நுஃமான் 'மல்லிகை'யில் பதில் எழுதினார். மு. தளையசிங்கம் கைலாசபதி சார்ந்த முற்போக்கு அணியோடு முழு மூச்சாக மல்லுக்கட்டினார். அந்த விவாதங்களின் சாரமும் அப்புவின் கேள்விதான் என்று எனக்குப் படும். ஒரு பாட்டு எந்தச் சமூகத்தில், யார் தேவைக்காகப் பிறந்தது என்று கைலாசபதி துல்லியமாகச் சொல்வார். கேட்பவன் கண்ணில் ஏன் தண்ணீர் வருகிறது என்பதற்கு அவரிடம் போதிய விடை இல்லை. அழகியலுக்கு அவர் கொடுத்த இடம் குறைவு.

இருந்தும் அவரிடம்தான் என் கடன். அப்பு அறுபது வருடம் புராணம் படித்தும் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கவைத்தது கைலாசபதி. இலக்கியத்தை இரசித்துத் தலையாட்டுவதோடு விடாமல், ஆதாரம் வைத்து வாதாடும் ஒரு துறையாக எங்கள் மண்ணில் அதை நிறுத்தியவர் அவர்.

பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரில் கலையரங்கம் இருக்கிறது. அங்கே உட்காரும் பிள்ளைகளுக்கு ஒன்று கேட்பேன். நினைவுப் பேருரையோடு நின்றுவிடாதீர்கள். 'ஒப்பியல் இலக்கிய'த்தையும் 'அடியும் முடியும்' நூலையும் எடுத்து வாசியுங்கள். உடன்படாத இடத்தில் 'பிழை' என்று எழுதுங்கள். ஏன் என்றும் கீழே எழுதுங்கள்.